ஸ்டாப் போர்டு இருந்தால் முழுசா நிற்கணுமா? விலக்கில், அதாவது கிளைச் சாலை மெயின் ரோட்டில் சேரும் இடத்தில், வண்டி ஏற்றுகிறவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "எங்க ஊர் விலக்குல, நாலுவழிச் சாலையில ஏறுற இடத்துல எட்டு மூலை சிவப்பு போர்டு வச்சிருக்காங்க. ஒருத்தரும் நிக்கிறதில்ல. வேகத்தைக் குறைச்சு ரெண்டு பக்கமும் பார்த்துட்டுப் போனா போதாதா அண்ணாச்சி? நிக்காம போனா அபராதம் உண்டா?"

போதாது. அபராதமும் உண்டு, நினைப்பதைவிடப் பெரிசாகவே உண்டு.

ஸ்டாப் போர்டு கேட்பது சக்கரம் சுற்றாமல் முழுசாக நிற்பதை. முதல் கியரில் ஊர்ந்தபடி எட்டிப் பார்ப்பது நிற்பதாகாது. பைக் என்றால் ஒரு கால் தரையில் ஊன்ற வேண்டும், கார் என்றால் வண்டி அடங்கி முன்பக்கம் லேசாகத் தலைதூக்கும் அந்த நொடி வர வேண்டும். சாலை காலியாகக் கிடந்தாலும், ராத்திரி 2 மணி ஆனாலும் இதுதான் விதி. நின்ற பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு விநாடிக் கணக்கு கிடையாது. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிக்கும்வரை, அவ்வளவுதான்.

இதன் பக்கத்து உறவு, தலைகீழ் முக்கோணப் போர்டு. வெள்ளை உடம்பு, சிவப்பு விளிம்பு. அது 'வழி விடு' என்று சொல்லும் போர்டு. மெயின் ரோட்டில் வண்டி வந்தால் நில், வராவிட்டால் நிற்காமலே சேர்ந்துகொள் என்பது அதன் பொருள். நீங்கள் கேட்கிற 'குறைச்சு, பார்த்துட்டுப் போறது' அந்தப் போர்டுக்குச் சரி. எட்டு மூலைக்குச் சரியில்லை. இந்த இரண்டு வடிவங்களையும் வேறு எந்தப் போர்டுக்கும் பயன்படுத்துவதில்லை. எழுத்து அழிந்திருந்தாலும், செம்மண் புழுதி அப்பியிருந்தாலும், எதிர்ப்பக்கமிருந்து போர்டின் முதுகை மட்டும் பார்த்தாலும், யார் நிற்க வேண்டியவர் என்று வடிவமே சொல்லிவிடும். சாலையில் போட்ட கோடும் அப்படித்தான்: குறுக்கே விடாமல் போட்ட வெள்ளைக்கோடு நிற்பதற்கு, விட்டுவிட்டுப் போட்ட கோடு வழிவிடுவதற்கு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 119-ஆம் பிரிவு, சாலைக் குறியீடுகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. பலரும் தெரிந்துவைத்திருப்பது இவ்வளவுதான். 2019 திருத்தத்தில் 184-ஆம் பிரிவுக்கு, அதாவது ஆபத்தான ஓட்டுதலுக்கு, ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, செல்போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவற்றோடு ஸ்டாப் போர்டை மீறுவதும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. முதல் முறைக்கு 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய். விலக்கில் யாரும் பிடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மோதல் நடந்து வழக்கு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, 'கிளைச் சாலையிலிருந்து நிற்காமல் ஏறினார்' என்ற ஒரு வரி, அடிபட்டவருக்கே கவனக்குறைவில் ஒரு பங்கை ஏற்றி, கிடைக்க வேண்டிய பணத்தைக் குறைத்துவிடும்.

இனி உண்மையான காரணம். ஸ்டாப் போர்டு வைக்கிற இடம், ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால் போதுமான தூரம் தெரியாத இடம். வளைவாக இருக்கும், மேடாக இருக்கும், சுவரோ மரமோ கடையோ மறைக்கும், அல்லது மெயின் ரோட்டு வேகம் ரொம்ப அதிகமாக இருக்கும். நிற்பதே பார்ப்பதற்காகத்தான். போர்டுக்கு மரியாதை செலுத்த இல்லை. இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

பொன்னாக்குடி, மூன்றடைப்பு, நாங்குநேரி வழியாகத் தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ எடுத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் ஆபத்தைக் கண்டு, பிரேக் மிதித்து நிற்க, சாலை வடிவமைப்பவர்கள் 180 மீட்டர் ஒதுக்குகிறார்கள். 60 கி.மீ. வேகத்துக்கு 80 மீட்டர். இந்தப் பக்கம் நீங்கள்: பைக்கில் நின்ற நிலையிலிருந்து கிளம்பி, ஒரு பக்கத்து இரண்டு லேனையும் ஓரத் தாரையும் கடந்து, பின்சக்கரமும் தாண்டி முடிக்க 12 மீட்டர் போக வேண்டும். அதற்கு 4 விநாடி, முடிவெடுத்து கிளட்ச் விட ஒரு விநாடி, ஆக 5. அந்த நேரத்தில் கார் 140 மீட்டர் வந்துவிடும். சாலையோரம் 200 மீட்டர் கற்கள் நட்டிருப்பார்கள். உங்கள் விலக்கிலிருந்து வலப்பக்கம் பார்த்தால் 200 மீட்டர் என்பது எந்த இடம், எந்த மரம், எந்த விளம்பரத் தட்டி என்று பகலில் ஒருமுறை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கார் அதற்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். கண்ணால் வேகத்தை மதிப்பிடுவதைவிட இது நம்பகமானது. நேரே நம்மை நோக்கி வரும் வண்டி கடைசி இரண்டு மூன்று விநாடிவரை பெரிதாகத் தெரியாது, அதனால் தூரத்தில் நிதானமாக வருவதுபோலவே தோன்றும்.

வேகத்தடை பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். பல விலக்குகளில் போர்டுக்கு முன்னால் வேகத்தடை போட்டிருக்கிறார்கள். 'அதான் குறைச்சாச்சே' என்று ஏறி இறங்கி அப்படியே போகிறார்கள். முறைப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அது வண்டியை 25 கி.மீ.க்குக் கொண்டுவருவதற்காகச் செய்தது. 25 கி.மீ. என்றால் விநாடிக்கு 7 மீட்டர். வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிற ஒரு விநாடியில் 7 மீட்டர் போய்விட்டால், ஆபத்தைப் பார்க்கும்போது நீங்கள் ஏற்கெனவே முதல் லேனில் நிற்பீர்கள்.

எங்கே நிற்பது? கோடு இருந்தால் கோட்டுக்கு முன், ஜீப்ரா கிராசிங் இருந்தால் அதற்கும் முன். இரண்டும் இல்லாவிட்டால் மெயின் ரோட்டின் ஓர வெள்ளைக்கோட்டுக்கு ஒரு மீட்டர் இந்தப் பக்கம். கோட்டில் நின்றால் பார்வை கிடைக்கவில்லையா? நின்றது வீண் இல்லை. அங்கிருந்து நடக்கிற வேகத்தில் ஊர்ந்து, பார்வை திறக்கிற இடத்தில் இரண்டாவது முறை நில்லுங்கள். முதல் நிறுத்தம் நடந்துபோகிறவருக்கும் ஓரமாக வருகிற சைக்கிளுக்கும், இரண்டாவது லாரிக்கும் காருக்கும். காரில் மூக்குப்பகுதி நீளம், ஓட்டுநர் கண் பம்பரிலிருந்து இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. அதனால் இந்த இரண்டாவது நிறுத்தம் காருக்குத்தான் ரொம்பத் தேவைப்படும்.

பார்க்கிற வரிசை: வலம், இடம், மறுபடி வலம். நாம் இடப்பக்கம் போகிற நாடு, முதலில் மோதுவது வலப்பக்கமிருந்து வருவது. கடைசிப் பார்வையும் வலமாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் இடத்தைப் பார்த்த நேரத்தில் வலம் மாறியிருக்கும். காரில் கண்ணாடியின் இரு ஓரத் தூண்களும் ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும். கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

'ஒருவழிப் பாதைதானே, இடப்பக்கம் ஏன் பார்க்கணும்' என்று கேட்பவர்களுக்கு: நம் ஊர் நாலுவழிச் சாலையில் ராங் சைடு வண்டி வராத நாள் உண்டா? அடுத்த திறப்புவரை போய்த் திரும்பச் சோம்பல்பட்டு, ஓரத்தோடு எதிரே வருகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லும் லோடு ஆட்டோவும் ராத்திரி விளக்குகூடப் போடுவதில்லை. இடப்பக்கம் திரும்புகிறவர்தான் இவர்களிடம் அதிகம் மாட்டுகிறார், அவர் கண் முழுக்க வலப்பக்கமே இருப்பதால்.

நேரே கடப்பதும் வலப்பக்கம் திரும்புவதும் இரண்டு வேலை. முதல் பாதி சென்டர் மீடியன்வரை, இரண்டாம் பாதி அதற்கப்புறம். நடுவில் இன்னொரு முறை நின்று, இப்போது இடப்பக்கம் பார்க்க வேண்டும். இங்கேதான் வண்டியின் நீளம் கணக்கில் வருகிறது. மீடியன் பல இடங்களில் 4.5 மீட்டர் அளவுதான், இன்னும் குறுகலான இடங்களும் உண்டு. பைக் 2 மீட்டர், தாராளமாக நிற்கலாம். சின்ன கார் 4 மீட்டருக்குள், மூக்கும் வாலும் இழுத்துப்பிடித்த மாதிரி நிற்கும். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் 8 மீட்டருக்கு மேல். மீடியனில் டிராக்டர் நின்றால் டிரெய்லர் வேக லேனில் கிடக்கும். இருட்டில், பின்பக்கம் ரிஃப்ளெக்டர் இல்லாத வைக்கோல் பாரம் அப்படிக் கிடப்பதைவிட மோசமான ஒன்றை இந்தச் சாலையில் காட்ட முடியாது.

எனவே பாரம் ஏற்றிய டிராக்டர் நடுவில் நிற்கக் கணக்குப் போடவே கூடாது. இரண்டு பக்கச் சாலையையும் ஒரே மூச்சில் கடக்க 30 மீட்டர், அடி கியரில் 15 விநாடி. அந்த நேரத்தில் கார் 400 மீட்டருக்கு மேல் வரும். இரண்டு பக்கமும் 400 மீட்டர் காலியாக இருக்கிற தருணம் காலை எட்டு மணிக்கு எங்கே கிடைக்கும்? இடப்பக்கம் திரும்பி, சர்வீஸ் ரோட்டையோ அடுத்த சுரங்கப் பாலத்தையோ பிடித்து மறுபக்கம் போவது இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் அதுதான் வழி. டீசல் கணக்குப் பார்க்கிறவர்கள் டிரெய்லரின் விலையையும் சேர்த்துப் பார்க்கலாம். உடன் ஆள் இருந்தால் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் துண்டை ஆட்டி வண்டிகளை மறிக்க விடாதீர்கள். 100 கி.மீ.யில் வருகிறவருக்குத் துண்டு தெரியும்போது நேரம் முடிந்திருக்கும்.

கியர் விஷயத்தில் ஒரு பிழை ரொம்பப் பரவலாக நடக்கிறது. நிற்கும்போது பைக்கை இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே விட்டுவிடுகிறார்கள். கிளம்பும்போது இழுவை இல்லாமல் வண்டி திணறி, சாலை நடுவில் அணைந்துவிடும். சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறக்கிவிட்டு நில்லுங்கள். நாலுவழிச் சாலை பல இடங்களில் கிராமத்துச் சாலையைவிட உயரமாக இருப்பதால், விலக்கின் கடைசி சில மீட்டர் ஏற்றம். காரில் ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, கிளட்ச் பிடிக்கிற இடம் வந்ததும் விடுவித்தால் பின்னோக்கி உருளாது. பின்னால் ஒட்டி நிற்கிற ஷேர் ஆட்டோக்காரருக்கும் நிம்மதி.

பார்வையை எது மறைக்கிறது என்று பார்த்தால் ஊருக்கு ஊர் மாறும். நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் சீமைக்கருவேலம், மழை முடிந்த இரண்டே மாதத்தில் போர்டையே விழுங்கிவிடும். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் சந்தைக்கு வந்து முக்கில் நிறுத்திய காய்கறி வண்டிகள். எல்லா ஊரிலும் பொதுவானது, பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் கட்டுகிற ஃப்ளெக்ஸ். முக்கில் கட்டினால்தான் நாலு பேர் பார்ப்பார்கள் என்று கட்டுகிறார்கள், அதே முக்கில்தான் நாலு பேர் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பஸ் நிற்கிற முக்கு தனி வகை. பஸ் நின்றால் நமக்கு வழிவிடுகிறது என்று எண்ணி அதன் மூக்கை ஒட்டி ஏறுகிறார்கள். பஸ்ஸை வலப்பக்கமாக முந்துகிற பைக் அந்த நொடியில்தான் வெளிவரும். பஸ் நகர்ந்து போகும்வரை காத்திருப்பது தவிர வேறு வைத்தியம் இல்லை.

இரவில் ஒற்றை விளக்கு வந்தால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பக்க விளக்கு போன லாரியாக இருக்கலாம், மீதி அகலம் இருட்டில் வரும். ஹை பீம் அடிக்கிற வண்டியின் தூரத்தைக் கணிக்கவே முடியாது, அது கடக்கும்வரை விட்டுவிடுங்கள். குற்றால சீசனில், ஆனி ஆடியில், தென்காசி சாலையில் சாரலும் சேர்ந்துகொள்ளும். நனைந்த தாரில் எதிராளிக்கு நிற்கும் தூரம் கூடுகிறது என்பதால் உங்கள் 200 மீட்டரை 300 ஆக்கிக்கொள்ள வேண்டும். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற காலங்களில் விடியுமுன் ஓரத்தோடு நடந்து வருகிறவர்கள் போர்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில்தான் இருப்பார்கள். கோட்டிலேயே நிற்க வேண்டும் என்று சொன்னது இவர்களுக்காகவும்தான்.

போர்டே இல்லாத சந்திப்பில் என்ன செய்வது? மெயின் ரோடாக அறிவித்த சாலையில் ஏறுகிறவர், அதில் போகிறவருக்கு வழிவிட வேண்டும். இரண்டும் சமமான தெருக்கள் என்றால் உங்கள் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. பாளையங்கோட்டை தெருக்களின் குறுக்குச் சந்திப்புகளில் இந்த விதியை எல்லோரும் கடைப்பிடித்தால் ஹாரன் சத்தம் பாதியாகும். நடப்பில் பெரிய வண்டிதான் முன்னுரிமை எடுத்துக்கொள்கிறது. விதி தெரிந்திருந்தும் விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் அது, வாதாடுகிற இடம் இல்லை.

ஸ்டாப் போர்டுக்குச் சமமான வேறு சிலவும் உண்டு. சிக்னலில் சிவப்பு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் அது ஸ்டாப் போர்டுதான்: முழுசாக நின்று, பார்த்துப் போகலாம். மஞ்சள் விட்டுவிட்டு எரிந்தால் நிதானித்துப் போனால் போதும். சாலை வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளி கையில் பிடித்திருக்கிற, ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் பச்சையுமான தட்டியும் நிற்கச் சொல்வதுதான்: சிவப்பு தெரிந்தால் நின்று, பச்சையைத் திருப்பிக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். அவர் சின்னப் பையனாக இருக்கிறார் என்று மதிக்காமல் போனால், எதிர் முனையில் விட்ட வண்டிகளோடு ஒற்றை லேனில் முட்டி நிற்பீர்கள்.

யாரும் நிற்காத ஸ்டாப் போர்டுபோல ஓட்டுநர்கள் நடத்துகிற இன்னொன்று ரயில்வே கேட். அகலப் பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகளை 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள், இப்போது இருப்பவை கேட் கீப்பர் உள்ளவை. கேட் மூட ஆரம்பித்தபின் குனிந்து நுழைவது நம் ஊர்ப் பழக்கம். மதுரை, நெல்லை, நாகர்கோவில் தடம் இரட்டைப் பாதையாகிவிட்டதால் ஒரு ரயில் போனதும் முடிந்தது என்று எண்ணவே முடியாது, எதிர்த்திசையில் இன்னொன்று வரும், முதல் ரயிலின் சத்தத்தில் அது கேட்காது. தென்காசி, திருச்செந்தூர் தடங்கள் ஒற்றைப் பாதை. அதில் பழகியவர்கள்தான் இரட்டைப் பாதையில் ஏமாறுகிறார்கள். மூடிய கேட்டை ரயில்வே ஊழியர் அல்லாதவர் திறந்தால் ரயில்வே சட்டம் 1989, 160-ஆம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை, உடைத்தால் 5 ஆண்டு வரை. கேட்டில் இடப்பக்கம் மட்டும் வரிசையாக நில்லுங்கள். இரு பக்கமும் சாலை முழுக்க அடைத்து நின்றால், கேட் திறந்ததும் இரண்டு கூட்டமும் தண்டவாளத்தின் மேல்தான் சந்திக்கும்.

குழப்பிக்கொள்கிற போர்டு ஒன்று: நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே பெருக்கல் குறிபோல இரண்டு சிவப்புக் கோடு. அது நிற்கச் சொல்வதில்லை, நிறுத்தவே கூடாது என்கிறது, ஆள் ஏற்றி இறக்கக்கூட. ஒரே கோடு இருந்தால் பார்க்கிங் மட்டும் கூடாது.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் பக்கம் நிறைய என்பதால் இதையும் சேர்க்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் பள்ளி பஸ் நின்று பக்கவாட்டில் ஸ்டாப் பலகை விரிந்தால் 5 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும். தாண்டினால் 1000 திர்ஹாம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 10 கரும்புள்ளி. அமெரிக்காவில் நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு வைத்த சந்திப்புகள் உண்டு. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், சேர்ந்து வந்தால் வலப்பக்கத்தவர் முதலில். அந்தப் பழக்கத்தோடு ஊருக்கு வந்து, 'நான் முன்னாடியே நின்னுட்டேன், என் முறை' என்று நாலுவழிச் சாலையில் ஏறிவிடக் கூடாது. இங்கே மெயின் ரோட்டில் வருகிறவருக்குப் போர்டே கிடையாது, அவர் நிற்கப்போவதில்லை.

கடைசியாக, போர்டு விழுந்து கிடந்தாலோ மறைந்திருந்தாலோ. போர்டின் கீழ் விளிம்பு கிராமப்புறச் சாலையில் 1.5 மீட்டர், நடைமேடை விளிம்புள்ள நகரச் சாலையில் 2.1 மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கிற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொன்ன அளவு. இரவில் டிம் வெளிச்சத்திலும் ஒளிர வேண்டும். ஒளிராமல் கறுத்துத் தெரிந்தால் மேலே ஒட்டிய தாள் செத்துவிட்டது, மாற்ற வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைக்கலாம். மாநிலச் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், கிராமச் சாலைக்கு ஊராட்சி ஒன்றியம், நகருக்குள் மாநகராட்சி. 'விலக்குல போர்டு இல்ல' என்று மட்டும் எழுதினால் ஒரு துறை இன்னொன்றைக் கைகாட்டும். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண், எத்தனையாவது 200 மீட்டர் கல், நாகர்கோவில் போகிற பக்கமா மதுரை போகிற பக்கமா, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்த ஒரு பகல் படம், ஒரு இரவுப் படம், இவ்வளவும் சேர்த்துக் கொடுங்கள். கருவேலத்தை வெட்ட மட்டும் மனுப் போட வேண்டாம், ஊரில் இரண்டு பேர் அரிவாளோடு போனால் அரைமணி நேர வேலை.